எக்ஸ்வி6-க்கு நெட்வொர்க் டிரைவர்: இரண்டு சந்தேகங்கள்

வணக்கம் நண்பர்களே. எம்ஐடியின் எக்ஸ்வி6 (பாடம் நடத்துவதற்கான சின்ன இயங்குதளம்), அதன் எக்ஸ்86 பதிப்பில், ரியல்டெக் ஆர்டிஎல்8139 நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதலாம் என்று இறங்கியிருக்கிறேன். அரதப்பழசான கார்டுதான், ஆனால் க்யூஎமு எமுலேட்டரில் இருக்கிறது, அனுப்பும் பக்கம் நாலே டிஸ்கிரிப்டர் (அனுப்ப வேண்டிய பாக்கெட் எங்கே என்று கார்டுக்குச் சொல்லும் பதிவு), பழகுவதற்குத் தோதானது. பிசிஐ பஸ்ஸில் 10இசி:8139 என்ற அடையாள எண்ணை வைத்துக் கார்டைத் தேடிப் பிடிப்பது, ரீசெட், மேக் முகவரியை வாசிப்பது வரை புரிகிறது.

இடிப்பது பெறும் பக்கம்தான். வரும் பாக்கெட்டுகளைப் போட, கார்டுக்குப் பௌதிக நினைவகத்தில் குறைந்தது 8192+16 பைட் இடைவெளி இல்லாமல் வேண்டும். எக்ஸ்வி6-இல் நினைவகம் ஒதுக்கும் கேஅல்லாக் ஒரு தடவைக்கு 4096 பைட்தான் தரும். கர்னலுக்குள் ஒரு ஸ்டாட்டிக் அரே வைத்து, வி2பி போட்டு (கர்னலின் மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றி) அந்த முகவரியைக் கொடுத்தால் போதுமா?

அப்புறம், எக்ஸ்வி6 ஐஓஏபிக்கை (இன்டரப்டுகளைச் செயலிக்கு அனுப்பும் சிப்) எட்ஜ் டிரிக்கராக, அதாவது சிக்னல் மாறும் கணத்தை மட்டும் கவனிப்பதாக, அமைக்கிறது. பிசிஐ இன்டரப்டோ லெவல் வகை, கவனிக்கப்படும் வரை சிக்னல் அப்படியே நிற்கும். அதை மாற்றியே ஆக வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.