உதவி: பிளாஸ்டர் எறும்புக் கூட்டில் கண்ணாடி முழுக்க நீர்த்துளி, எறும்புகள் உள்ளே தங்க மறுக்கின்றன

கரும்புற்று (கேள்வி)

வணக்கம். கட்டெறும்புக் குடும்பம் ஒன்றை வளர்க்கிறேன். ஒரு ராணி, சுமார் 30 வேலைக்கார எறும்புகள், கொஞ்சம் முட்டை, புழு, கக்கூன் (புழு எறும்பாக மாறும் கூட்டுப்புழு உறை). இதுவரை டெஸ்ட் டியூபில்தான் இருந்தன. டியூபில் பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் தீரும் நிலைக்கு வந்துவிட்டதால் நானே ஒரு கூடு செய்தேன்.

களிமண்ணில் அறைகளையும் சுரங்கங்களையும் வடித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி எடுத்தது. அகலம் 20 செ.மீ., உயரம் 15 செ.மீ., தடிமன் 3 செ.மீ. மொத்தம் 9 அறைகள். முன்பக்கம் கண்ணாடி, நிறுத்தி வைக்கும் வகை. மேல் விளிம்பில் ஒரு குழி விட்டிருக்கிறேன், அதில் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டர் உறிஞ்சிக்கொள்ளும். முதுகுப் பக்கம் சின்ன வெப்பத் தகடு. வலது ஓரத்திலிருந்து ஒரு குழாய், எறும்புகள் இரை தேட வெளியே வரும் மேய்ச்சல் பெட்டிக்குப் போகிறது. பழைய டியூபையும் அந்தப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன்.

காலையில் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் ஒரே துளியாக இருக்கிறது. கீழ் அறைகளில் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை. எறும்புகள் புழுக்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயின, அடுத்த நாளே திரும்பிக் கொண்டுவந்து பெட்டியின் காய்ந்த மூலையில் குவித்துவிட்டன. ஓர் அறையின் சுவரைக் கடித்து வெள்ளைத் தூளும் கொட்டியிருக்கின்றன.

காற்றுத் துளை போட்டால் சரியாகுமா? பூஞ்சை ராணியைப் பாதிக்குமா? இல்லை, இதை விட்டுவிட்டு அக்ரிலிக்கில் புதிதாகச் செய்வதே நல்லதா?

நிதானம்

பிளாஸ்டர் இறுகிய பிறகு எவ்வளவு காலம் காயவைத்தீர்கள்? தண்ணீர் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்?

கரும்புற்று

ஒரு மணி நேரத்தில் கல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் கண்ணாடியை ஒட்டினேன். தண்ணீர் தினமும் குழி நிறையும் வரை.

நிதானம்

சரி, அப்படியானால் படம் தெளிவாகிறது. கூட்டைத் தூக்கிப் போட வேண்டாம், அது நல்ல கூடு. ஆனால் முதல் வேலையாக, தண்ணீரும் பஞ்சும் வைத்த ஒரு புது டெஸ்ட் டியூபை மேய்ச்சல் பெட்டியில் போட்டு இருட்டாக மூடி வையுங்கள். பழைய டியூபில் தண்ணீர் தீர்ந்தால் ராணிக்குத்தான் ஆபத்து. மற்றதெல்லாம் அப்புறம்.

இறுகுவதும் காய்வதும் வேறு வேறு. 100 கிராம் பிளாஸ்டர் வேதிவினைக்கு எடுத்துக்கொள்வது சுமார் 19 கிராம் தண்ணீர்தான். ஆனால் ஊற்றுகிற பதம் வர நாம் 60, 70 கிராம் சேர்க்கிறோம். மீதி முழுக்க நுண்துளைகளுக்குள்ளேயே தங்கிவிடும். 3 செ.மீ. தடிமனுள்ள கட்டியிலிருந்து அது வெளியேற ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நீங்கள் கண்ணாடி ஒட்டியபோதே உள்ளே நிறைய தண்ணீர் இருந்திருக்கிறது, அதற்கு மேல் தினமும் ஊற்றல். தண்ணீர்க் குழி உச்சியில் இருப்பதால் அது இறங்கி இறங்கி 9 அறைகளையும் ஒரே மாதிரி நனைத்துவிட்டது.

இப்போது துளிக்கு வருவோம். தகடு முதுகில் இருக்கிறது. சூடான ஈரப் பிளாஸ்டரிலிருந்து கிளம்பும் ஆவிக்கு எதிரே இருக்கும் குளிர்ந்த பரப்பு கண்ணாடி மட்டுமே. அங்கே போய்த்தான் படியும். காற்றுத் துளை ஓரளவு உதவும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். வெப்பத்தைக் கண்ணாடிப் பக்கத்துக்கு மாற்றுங்கள், அதுவும் ஒரு மேல் மூலையில் மட்டும். கண்ணாடி பிளாஸ்டரைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் துளி பிடிக்காது. அந்த இடம் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எறும்புகள் உங்களிடம் கேட்பது வறண்ட கூடும் இல்லை, ஈரக் கூடும் இல்லை. இரண்டும் ஒரே கூட்டில் வேண்டும். முட்டையும் இளம் புழுவும் ஈரம் பட்ட பக்கம், கக்கூன் காய்ந்த கதகதப்பான பக்கம் என்று அவையே பிரித்து வைக்கும், நேரத்துக்கு ஏற்ப இடம் மாற்றும். கட்டெறும்பு மரத்துக்குள் குடியிருக்கக்கூடிய இனம், மற்ற பல எறும்புகளைவிட வறட்சியைத் தாங்கும். புழுக்களைக் காய்ந்த மூலைக்குக் கொண்டுபோனதே உங்கள் கேள்விக்கு அவை தந்த பதில்.

பிளாஸ்டர் கூட்டில் இது புதுச் சிக்கலும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சார்ல் ஜானே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பிளாஸ்டர் கட்டியில் அறைகளை வரிசையாக அமைத்து, ஒரு முனையில் மட்டும் தண்ணீர்த் தொட்டி வைத்தார். அந்த முனை நனைந்திருக்கும், மறுமுனை காய்ந்திருக்கும். இன்றைக்கும் அந்த யோசனையை மிஞ்ச எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சிற்றறை

நிதானம் சொன்னதோடு இன்னொன்று. 30 எறும்புக்கு 9 அறை ரொம்ப அதிகம். கூட்டத்துக்கு மிஞ்சிய இடம் இருந்தால் காலி அறைகளைக் குப்பைக்கிடங்காக மாற்றிவிடும். தின்று மீந்த பூச்சிக் கால், செத்த எறும்பு எல்லாம் அங்கே சேரும், ஈரமும் இருந்தால் பூஞ்சைக்குக் கேட்கவே வேண்டாம். ராணி கொள்ளும் அளவு இரண்டு, மூன்று அறைகளை மட்டும் திறந்துவிட்டு மீதிக்குப் போகும் சுரங்கங்களைப் பஞ்சால் இறுக அடையுங்கள். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

பூஞ்சை கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், எறும்புகள் தங்களையும் புழுக்களையும் ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்பவை. படர விடக்கூடாது, அவ்வளவே. பூஞ்சைக்கொல்லியோ பிளீச்சோ மட்டும் வேண்டாம். பிளாஸ்டர் எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கண்ணாடிக்குச் சிவப்புத் தாள் ஒட்டினீர்களா? எறும்புகளுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது. ஜான் லபக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே நிறக் கண்ணாடிகளைக் கூட்டின் மேல் வைத்துப் பார்த்தார். எறும்புகள் ஊதாவுக்கு அடியிலிருந்து கக்கூன்களைத் தூக்கிச் சிவப்புக்கு அடியில் கொண்டுபோய் வைத்தன.

உளிமுனை

அக்ரிலிக் பற்றிக் கேட்டீர்கள். அது தண்ணீரை உறிஞ்சாது, ஆக ஈரத்துக்கு எப்படியும் உள்ளே ஒரு பிளாஸ்டர் துண்டோ பஞ்சோ வைக்கத்தான் வேண்டும். உங்கள் சிக்கல் பொருளில் இல்லை, தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கிறது.

சுவரைக் கடிப்பதை மட்டும் கவனியுங்கள். நனைந்த பிளாஸ்டர் மென்மையாகிவிடும், கட்டெறும்பின் தாடைக்கு அது பொருட்டே இல்லை. காய்ந்தால் பெரும்பாலும் நிறுத்திவிடும். அப்படியும் தொடர்ந்தால் அடுத்த கூட்டை ஏ.ஏ.சி. கல்லில் குடையுங்கள். கட்டடத்துக்குப் பயன்படும் காற்றுக்குமிழிக் கான்கிரீட் கல்தான், பழைய திருப்புளியாலேயே குடையலாம், தண்ணீரையும் நன்றாக இழுக்கும். குடையும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது.

இப்போதுள்ள கூட்டுக்கு: கண்ணாடியைக் கழற்றி, பூஞ்சையைச் சுரண்டி, வெயிலும் காற்றும் படும் இடத்தில் முழுதாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு மைக்ரோவேவ், ஓவன் எதிலும் வைக்காதீர்கள், அதிகச் சூட்டில் ஜிப்சம் (இறுகிய பிளாஸ்டர்) தன் உள்நீரை இழந்து பொடியத் தொடங்கும். எடைத் தராசு இருந்தால் தினமும் நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். மேல் குழியைப் புதுப் பிளாஸ்டரால் அடைத்துவிட்டு, இடது கீழ் மூலையில் பக்கவாட்டில் ஒரு துளை போடுங்கள். அங்கே சிரிஞ்சால் சில மி.லி. மட்டும். நனைந்த இடம் கட்டியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வெள்ளைப் பிளாஸ்டரில் ஈரம் எதுவரை ஏறியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அடுத்த முறை கலவையிலேயே கொஞ்சம் நிறமித்தூள் சேர்த்தால் ஈரமான பகுதி கருத்துத் தெரியும்.

கண்ணாடியைத் திரும்ப ஒட்டும் சிலிகான் பசையில் வினிகர் வாடை முழுதும் போகும் வரை எறும்புகளை இணைக்க வேண்டாம். இணைத்த பிறகும் டியூபைத் தட்டிக் கொட்டாதீர்கள். டியூபின் மறைப்பை எடுத்து வெளிச்சம் விடுங்கள், கூட்டை இருட்டாக வையுங்கள். போகும்போது போகட்டும்.

கரும்புற்று

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே செய்தேன். வெப்பப் பட்டை இப்போது கண்ணாடியின் வலது மேல் மூலையில், தண்ணீர் இடது கீழே, மூன்று அறைகள் மட்டும் திறப்பு. கண்ணாடியில் துளி இல்லை. முதலில் கக்கூன்கள் வந்தன, வலது அறையில் அடுக்கிவிட்டன. ராணி இடது அறையில் முட்டைகளோடு இருக்கிறாள். சுவர்க் கடியும் நின்றுவிட்டது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். மேய்ச்சல் பெட்டியின் விளிம்பில் டால்கம் பவுடரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் குழைத்துத் தடவியிருக்கிறேன். ஓரிடத்தில் உதிர்ந்து, எறும்புகள் மேலே ஏறப் பார்க்கின்றன. பெட்டி அக்ரிலிக்.

உளிமுனை

ஈரம் பட்டால் டால்கம் பிடிப்பு போகும். அந்த இடத்துக்குக் கீழே தண்ணீர்த் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நகர்த்துங்கள். அக்ரிலிக்கில் ஆல்கஹாலைத் திரும்பத் திரும்பத் தடவுவதும் நல்லதல்ல, வெட்டிய விளிம்புகளில் மயிரிழை விரிசல் விடும். ஃப்ளூவான் (எறும்பு ஏற முடியாதபடி வழுக்கும் திரவப் பூச்சு) கிடைத்தால் அதற்கு மாறுங்கள், ஒரே சீராக மெல்லிய பூச்சு போதும். கிடைக்கும் வரை பழையதை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, சற்றுத் திக்கான டால்கம் கலவையைத் தடவுங்கள். தடவி முடித்து வாடை போகும் வரை கூட்டுக்குப் போகும் குழாயைப் பஞ்சால் அடைத்து, பெட்டி மூடியைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள்; அதுவரை எறும்புகள் எல்லாம் கூட்டுக்குள் இருக்க வேண்டும்.