தென்காசியில் இருக்கிறேன், ஐபி முகவரி சென்னை என்கிறதே?

கேள்வி:
வீட்டு வைஃபையில் பார்த்தால் என் ஐபி முகவரி சென்னை என்று காட்டுகிறது. போனில் ஒரு நாள் பெங்களூரு, மறுநாள் கொச்சி. நேற்று கேமில் தோற்ற ஒரு பையன், "உன் ஐபி என் கையில், வாசலுக்கே வருவேன்" என்று மிரட்டினான். வர முடியுமா?

பதில் 1:
வர மாட்டான். ஐபி என்பது இணைப்புக்கு இணைய நிறுவனம் கொடுக்கும் எண்தான், வீட்டு முகவரி அல்ல. மொபைலில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கும். எந்த நேரத்தில் யார் என்ற பதிவு நிறுவனத்திடம்தான். போலீஸ் கேட்டால் கொடுப்பார்கள், கேம் பையனுக்குக் கிடைக்காது.

பதில் 2:
வருவான், ஆனால் தப்பான வீட்டுக்கு! அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றில் நடந்தது. ஐபி முகவரி எந்த ஊர் என்று சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், 'அமெரிக்கா' என்பதற்கு மேல் இடம் தெரியாத ஐபி முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளிக்கு ஓரளவு அருகே, எளிய முழு எண்களாக 38, -97 (அட்சரேகை, தீர்க்கரேகை) என்று போட்டு வைத்தது. அந்தப் புள்ளி பண்ணை அருகே விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள்! போலீஸ், வரி அதிகாரிகள் என்று வருடக்கணக்கில் வந்து கதவைத் தட்டினார்கள். யாரோ உடைந்த டாய்லெட்டைக்கூட வாசலில் போட்டுப் போனார்கள். 2016-இல் செய்தி வெளியானபின் புள்ளியை ஓர் ஏரிக்குள் தள்ளிவிட்டார்கள். இனி நீந்தித்தான் போக வேண்டும்.

பதில் 3:
சரி, அந்த கேமுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்தீர்களா? ஐபியைவிட அதுதான் வீட்டைக் காட்டும்.

கேட்டவர்:
கொடுத்திருந்தேன். 'எப்போதும்' என்றே. இப்போது எடுத்துவிட்டேன்.