சென்னையில் அசேலியா: இரண்டாவது வருஷமும் பூத்ததைப் பார்த்தவர் உண்டா?

மொட்டைமாடி மயிலாப்பூர்

பெசன்ட் நகரில் ஒரு சித்தி வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். அடிக்கடி போகிற வீடு இல்லை. மாசி கடைசி, வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பால்கனியில் ஒரு மண்தொட்டி. அதில் அசேலியா, குளிர்ந்த மலை ஊர்களில் வளரும் பூச்செடி. அடர் ரோஸ், இலையே தெரியாத அளவுக்குப் பூ. ஏ.சி.யிலிருந்து வரும் ட்யூபைத் தொட்டிக்குள்ளேயே விட்டிருந்தார்கள், சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"இந்த வருஷம் வாங்கினதா சித்தி?" என்றேன். "போடா, மூணு வருஷமா நம்ம வீட்ல இருக்கு, வருஷா வருஷம் பூக்குது" என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த வேலைக்கார அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிரிப்புதான், சந்தேகமே இல்லை. அதற்குள் காபி வந்தது, பேச்சு மண்டபம், சமையல் என்று போய்விட்டது.

அந்தச் சிரிப்பு இன்னும் மண்டையைக் குடைகிறது. நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே: நர்சரியில் மொட்டும் பூவுமாக வாங்குவோம், இரண்டு மூன்று வாரம் அமர்க்களம், சித்திரை முடிவதற்குள் வெறும் குச்சி. இந்த ஊரில் இரண்டாவது தடவை பூத்ததை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

கோத்தகிரி மருமகள்

நான் பார்த்ததில்லை. ஆனால் பூக்காததை மிகக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

அம்மா வீட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அசேலியா புதராக நிற்கும். அதற்கென்று யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியது கிடையாது. பதியம் போட்டு வேர் பிடித்த சின்னச் செடி ஒன்றை நைட் பஸ்ஸில் மடியில் வைத்தே அம்பத்தூருக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கச் சுவர் நிழலில் நன்றாகத்தான் வந்தது. ஐப்பசி மழையில் பச்சைப் பசேலென்று இருந்தது. நுனியில் மொட்டுகூடக் கட்டியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த மொட்டு அப்படியே நின்றுவிட்டது. பொங்கல் போயிற்று, சிவராத்திரி போயிற்று. மொட்டின் அடியிலிருந்து பக்கத் துளிர்கள் கிளம்பி அதைத் தாண்டி மேலே போய்விட்டன. மொட்டு மட்டும் பழுப்பாகிக் காய்ந்தது. ஒன்றைப் பறித்து நகத்தால் பிளந்தேன். உள்ளே இதழெல்லாம் உருவாகி, ரோஸ் நிறம்கூட ஏறி, காகிதமாகச் சுருண்டிருந்தது. அதைப் பார்த்தபோது மனசு என்னமோ செய்தது.

அண்ணா, விஷயம் இதுதான். மொட்டு கட்டுவதற்கு வெயில் காலம் போதும். கட்டிய மொட்டு உறக்கம் கலைந்து விரிய, 10 டிகிரியை ஒட்டிய குளிர் சில வாரமாவது வேண்டும். கோத்தகிரியில் மார்கழி முழுக்க அது இருக்கும். நம் சென்னையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான். உங்கள் சித்தி வீட்டு ஏ.சி. தண்ணீர் நல்ல தண்ணீர்தான், உப்பே இல்லாதது. ஆனால் தண்ணீரால் மார்கழி வராது.

வேளச்சேரி வாசி

குளிர் வரைக்கும் போவானேன், செடி முதலில் உயிரோடு இருக்க வேண்டாமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெரு உங்களுக்குத் தெரிந்ததுதான். தரைத்தள வராந்தாவில் இருந்த தொட்டிகள் எல்லாம் தண்ணீருக்குள். வடிந்த பிறகு பார்த்தால் செம்பருத்தி பிழைத்தது, அரளி பிழைத்தது. அசேலியா மட்டும் இலை தொங்கிவிட்டது. மண் சொதசொதவென்று ஈரம், செடியோ தாகத்தில் வாடுவதுபோல நிற்கிறது. தொட்டியைக் கவிழ்த்து ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்துவிட்டது, நடுவில் நூலாக ஒரு நரம்பு மட்டும் மிச்சம். கூடவே சாக்கடை நாற்றம்.

அதிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். இதற்கு ஆணிவேர் கிடையாது. எல்லாம் முடி முடியாக மேலாக ஓடுகிற வேர், காற்று வேண்டும். ஆழத் தொட்டி வேண்டாம், அகலத் தொட்டி போதும். செம்மண்ணைப் போட்டு அமுக்காதீர்கள். தேங்காய் மட்டைத் துண்டு, மக்கிய இலை, கொஞ்சம் பெர்லைட் (மண்ணில் காற்று ஓட விடுகிற லேசான வெள்ளைக் குருணை). கோகோபீட் கட்டி வாங்கினால் ஊறவைத்து இரண்டு மூன்று தடவையாவது பிழிந்து அலசுங்கள். அதில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் இலை ஓரம் கருகிவிடும். வாங்கி வந்த செடியின் வேர்க்கட்டு மேல்மண்ணுக்குச் சமமாக, ஏன், விரல் கனம் மேலேகூட இருக்கட்டும். புதைத்தால் போச்சு. மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள். சவுக்கு இலை கிடைத்தால் ரொம்ப நல்லது, ஈசிஆர் பக்கம் யாரும் காசு கேட்க மாட்டார்கள். களைக்கொட்டால் கிளறவே கிளறாதீர்கள்.

டிகாக்‌ஷன் மாம்பலம்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? டிகாக்‌ஷன் இறக்கிய காபிச் சக்கையைத் தினமும் தொட்டியில் போடுங்கள். அசேலியா கேட்கிற அமில மண் ஆகிவிடும். எங்கள் மாடியில் ஒரு செடி அப்படித்தான் ஒரு கோடையைத் தாண்டியது. பூத்ததா என்று கேட்காதீர்கள், தாண்டியது. ஒருநாள் காலையில் பார்த்தால் சக்கை மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு "உன் செடி பூத்துடுச்சுடி" என்றார். அதை மட்டும் மறக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். காபியின் அமிலம் பெரும்பாலும் டிகாக்‌ஷனோடு இறங்கி உங்கள் டம்ளருக்குப் போய்விடுகிறது. சக்கையில் மிஞ்சுவது சொற்பம். தினமும் போட்டால் மேலே அடை கட்டி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். மக்க வைத்துப் போடுங்கள், உரமாகட்டும். அமிலத்துக்கு அது வழியல்ல.

என் அனுபவம் சின்னதுதான். குரோம்பேட்டையில் எங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பி.ஹெச். தாளை (அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டுகிற தாள்) வைத்துக்கொண்டு, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தாளின் பச்சை மாறவே இல்லை. இன்னும் விட்டேன். சமையலறை முழுக்க வினிகர் வாடை, வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தாள் மஞ்சளுக்கு வருவதற்குள் நான் நினைத்ததைப்போலப் பல மடங்கு வினிகர் போய்விட்டது. அந்தத் தாள் மாறாமல் அடம் பிடித்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் பைகார்பனேட். நாம் எல்லோரும் பி.ஹெச். எண்ணையே பார்க்கிறோம். நிஜ வில்லன் தண்ணீரில் கரைந்து, அமிலத்தை முறிக்கிற பைகார்பனேட்தான். இன்றைக்கு மண்ணை அமிலமாக்கினாலும், நாளைக்கு ஊற்றும் போர் தண்ணீர் அதைத் தின்றுவிடும். அசேலியாவுக்கு மண்ணின் பி.ஹெச். 4.5-லிருந்து 6-க்குள் இருக்க வேண்டும். தேயிலைக்கும் ஏறக்குறைய அதுதான், கோத்தகிரிப் பெண்ணின் வீட்டில் கவனிக்காமலே வளர்ந்ததன் ரகசியம் அந்த மண். 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உடனே நர்சரியில் யூரியா போடச் சொல்வார்கள், போடாதீர்கள், அது தழைச்சத்துக் குறை இல்லை. இரும்புச் சத்தைச் செலேட் வடிவில், அதாவது மண்ணில் முடங்காமல் வேருக்குக் கிடைக்கிற கூட்டுப்பொருளாக, கொடுக்க வேண்டும். அதிலும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் சீக்கிரம் செயலிழந்துவிடும், இ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) வகை தாக்குப்பிடிக்கும், விலைதான் கொஞ்சம் கூட. கந்தகத் தூள் மெதுவாக வேலை செய்யும், ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி மழைநீர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் குழாய் கட்டாயம். அந்தக் குழாயின் வாயில் ஒரு டிரம்மை வையுங்கள். கொசு வராமல் துணி கட்டுங்கள்.

பல்லாவரம் ப்ளாக்கி அம்மா

எல்லோரும் வளர்ப்பதையே பேசுகிறீர்கள். யாரும் இதைச் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு யாரோ அசேலியா தொட்டி பரிசாகக் கொடுத்தார்கள். ஹாலில் டீவிக்குப் பக்கத்தில் வைத்தோம். எங்கள் ப்ளாக்கி, நாட்டு நாய், அப்போது குட்டி. ராத்திரி பார்த்தால் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில், வாந்தி, எழுந்தால் பின்கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. டாக்டர் முதலில் கேட்டது "என்ன இலை தின்னுச்சு?" வாந்தியில் கிடந்த இலைத் துண்டை டிஷ்யூவில் மடித்து எடுத்துப் போயிருந்தேன், நல்லவேளை. நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு அவர் பேசாமல் நின்ற நேரம் இருக்கிறதே... "துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கு" என்றார். டிரிப்ஸ் போட்டு, விடிய விடிய வைத்திருந்து அனுப்பினார். பிழைத்துவிட்டான். இன்றைக்கும் செருப்பு, சோஃபா எதையும் விடுவதில்லை.

அசேலியா, ரோடோடென்ட்ரான் இரண்டுமே ஒரே பேரினம். இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்ஸின் என்ற விஷம். கி.மு. 401 வாக்கில் கருங்கடல் ஓரத்தில் முகாம் போட்ட கிரேக்கச் சிப்பாய்கள் இந்தப் பூத்தேனைத் தின்று கூட்டமாகச் சுருண்டு விழுந்த கதை வரலாற்றிலேயே இருக்கிறது. வீட்டில் நாய், பூனை, தவழும் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம்.

டெல்லி ரிட்டர்ன்

பயமுறுத்தாதீர்கள் மேடம். உத்தராகண்டில் புராஞ்ஷ் சர்பத் என்று சிவப்பாக விற்பார்கள், ரோடோடென்ட்ரான் பூவில் செய்வது. நான் பாட்டில் பாட்டிலாகக் குடித்திருக்கிறேன். அந்த மாநிலத்தின் மரமே அதுதான்.

நம்ம தொட்டபெட்டா பக்கம் நிற்கும் காட்டுப்பூவரசு அதே வகையறா. முதன்முதலில் அதைப் பார்த்தபோது ரோடோடென்ட்ரான் என்றே எனக்குத் தெரியாது. பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தரையில் சிவப்புச் சிவப்பாக முழுப் பூக்கள் விழுந்து கிடந்தன. நிமிர்ந்தால் முண்டு முண்டான மரம், பட்டை வெடித்து, கிளை நுனியில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. புதர் என்று நினைத்திருந்தது மரமாக நின்றது. விழுந்த பூ ஒன்றை எடுத்து மகரந்தக் கம்பிகளை எண்ணினேன், பத்து. அசேலியாவில் பெரும்பாலும் ஐந்துதான் இருக்கும். சென்னையில் இதை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அங்கேயே போய்ப் பாருங்கள். காட்டில் பூ, விதை எதையும் பறிக்காதீர்கள்.

பல்லாவரம் ப்ளாக்கி அம்மா

சார், அவர்கள் எடுப்பது அந்த ஒரு மரத்தின் இதழை மட்டும், அதுவும் தலைமுறையாகப் பழகிய கை. அதை வைத்துக்கொண்டு தொட்டி அசேலியாவுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். யாராவது படித்துவிட்டு வீட்டில் சர்பத் போடப் போகிறார்கள்.

மொட்டைமாடி மயிலாப்பூர்

எல்லோரும் கேளுங்கள். சித்தி வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அந்த அக்காதான். "அதுவா தம்பி, அம்மாவோட தம்பி குன்னூர்ல இருக்காரு இல்ல, அவரு தை மாசம் கார்ல கொண்டாந்து வெச்சிட்டுப் போவாரு. வெயில் வந்தா திரும்ப ஏத்திக்கினு போயிடுவாரு" என்றார். அதே செடி, அதே தொட்டி, மூன்று வருஷமாக. ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற புதுப்பெண் மாதிரி கத்திரிக்கு மலையேறிவிடுகிறது! சித்தி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கோத்தகிரி மருமகள்

பார்த்தீர்களா! மொட்டு கட்டியது குன்னூரில், குளிர் வாங்கியதும் குன்னூரில். பால்கனி வெறும் மேடைதான். இது சென்னையில் பூத்த கணக்கில் சேராது.

வேளச்சேரி வாசி

ஏன் சேராது? விரிந்தது எங்கே? பெசன்ட் நகரில். கார் பெட்ரோல் கணக்கை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

முகப்பேர் மாடித்தோட்டம்

அசேலியா எனக்கு வேண்டாம், என்னிடம் கார் இல்லை. ஆனால் வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றாரே, அப்படியே என் இட்லிப்பூச் செடி! போன வாரம் நர்சரிக்காரர் இலையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து யூரியா கொடுத்தார், போட்டேன். இப்போது மஞ்சள் இன்னும் கூடியிருக்கிறது.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்

இட்லிப்பூவும் அமில மண் கேட்கிற செடிதான் அம்மா, கந்தராஜ் மல்லியும் அப்படித்தான். அசேலியா அளவுக்கு அடம் பிடிக்காது, குளிரும் கேட்காது. அதனால் இதைக் காப்பாற்றிவிடலாம். யூரியாவை நிறுத்துங்கள். தொட்டியின் ஓரத்தில், மண்ணின்மேல் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மழைநீரோ ஏ.சி. தண்ணீரோ நிறைய ஊற்றி, அடித்துளை வழியாக உப்பு வெளியேறும்வரை அலசுங்கள். அப்புறம் செலேட். முதலில் ஒன்று சொல்லுங்கள், இப்போது என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

முகப்பேர் மாடித்தோட்டம்

வெள்ளைப் படலம் இருக்கிறது ஐயா. ஊற்றுவது ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீர். வீணாகிறதே என்று பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறோம்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்

ஐயோ! வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தானே அம்மா இருக்கிறது! அந்தப் பக்கெட்டை இன்றிலிருந்து வாசல் கழுவ வையுங்கள்.