ஆண் செடி மட்டுமே உள்ள அஸ்பாரகஸ் ரகத்துக்கு விதை எங்கிருந்து வருகிறது?

பாத்திக்காரன்:
விதை போட்டு வளர்த்த அஸ்பாரகஸ் பாத்தியில் ஒரு செடி மட்டும் தனியாகத் தெரிகிறது. மற்றவை விழிக்கும் முன்பே குருத்து தள்ளுகிறது. குருத்தும் நல்ல கனம், நுனி பிரியாமல் இறுக்கமாக நிற்கிறது. பூவைப் பார்த்தால் ஆண். விதைக்கு வழியில்லை. டிஷ்யூ கல்ச்சரில், அதாவது ஆய்வகக் குடுவையில் திசுவிலிருந்து செடி வளர்த்துப் பெருக்கினால், இது புது ரகம் ஆகுமா? அப்புறம், பேக்லிம் போன்ற ரகங்களில் எல்லாமே ஆண் செடிதான் என்கிறார்களே, அந்த விதையை எது காய்க்கிறது?

கிழங்குமண்:
வேர்க்கட்டையைப் பிளந்து நட்டுப் பாருங்கள். நாலைந்து செடி உறுதி. வெட்டும்போது உள்ளே பழுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அழுகலாக இருக்கலாம், அது கூடவே வரும்.

கண்ணாடிக்குடுவை:
டிஷ்யூ கல்ச்சர் ஆய்வகத்தில் அஸ்பாரகஸ் பிரிவில் இருக்கிறேன். குருத்தின் மொட்டிலிருந்து பெருக்கினால் கிடைப்பது அதே செடியின் நகல்கள். நல்ல செடியைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் புதிதாக எதுவும் சேராது. ஒரு ஹெக்டேருக்கு இருபதாயிரம் செடி வேண்டிய பயிர் இது. குடுவைச் செடியால் வயலை நிரப்பினால் செலவு தாங்காது. அதனால் பெற்றோர் செடிகளைத்தான் பெரும்பாலும் இப்படிப் பெருக்குவோம். யூசி 157 என்ற கலிஃபோர்னியா கலப்பின ரகத்தின் தாயும் தந்தையும் அப்படிக் காக்கப்பட்டவைதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் பெண் செடியில் எக்ஸ் எக்ஸ், ஆணில் எக்ஸ் ஒய். சேர்த்தால் பாதிக்குப் பாதி. தந்தையே ஒய் ஒய் ஆக இருந்தால் பிள்ளைகள் அத்தனையும் ஆண். அந்தச் செடிக்கு சூப்பர்மேல் என்று பெயர். விதை காய்ப்பது வழக்கமான பெண் செடிதான், மகரந்தம் மட்டும் சூப்பர்மேலுடையது.

சூப்பர்மேல் உருவாகும் ஒரு வழி குடுவைக்குள்தான். இளம் மொட்டிலிருந்து மகரந்தப்பையை எடுத்து ஊடகத்தில் (குடுவையில் உள்ள சத்துக் கலவையில்) வைத்தால், சில மகரந்த அணுக்கள் செடியாகத் திரும்பும். அதில் 20 குரோமோசோம் இருக்காது, 10தான். குரோமோசோமை இரட்டிக்கும் கோல்கிசின் என்ற மருந்தைக் கொடுத்தால், ஒய் கிடைத்த செடி ஒய் ஒய் ஆகிவிடும். அஸ்பாரகஸின் ஒய் தன் மரபணுக்களை இழந்து இன்னும் அதிகம் தேயவில்லை, அதனால்தான் எக்ஸ் இல்லாமலும் செடி பிழைக்கிறது.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மகரந்தப்பையின் சுவரிலிருந்தும் காலஸ், அதாவது செடியாக வளரக்கூடிய திசுக்கட்டி, வரும். அந்தச் செடியிலும் 20 குரோமோசோம் இருக்கும், தானே இரட்டித்த செடி போலவே தெரியும், ஆனால் அது தந்தையின் வெறும் நகல். எண்ணிப் பார்த்தால் பிடிபடாது, டிஎன்ஏ மார்க்கர் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பாத்திக்காரன்:
அருமையான விளக்கம் சார். குடுவையில் தளிர் வந்துவிட்டால் மற்றது சுலபம்தானே?

கண்ணாடிக்குடுவை:
இல்லை, அங்கேதான் பாதி வேலை. தளிர் தாராளமாக வரும், வேர் அடம்பிடிக்கும். மெல்லிய ஒற்றை வேரோடு வெளியே வைத்தால் வாடிவிடும். அடியில் மொட்டும் தடித்த வேரும் சேர்ந்து சின்னக் கட்டையாகத் திரள வேண்டும். அதற்காக ஊடகத்தில் அன்சிமிடால் என்ற வளர்ச்சி அடக்கி துளி சேர்ப்பார்கள், செடியை உயர வைக்கும் ஹார்மோனான ஜிபரெல்லின் அடங்கி, செடி உயரத்தை விட்டு அடியில் கவனம் வைக்கும்.

ஆய்வகத்தில் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆண் செடியின் மகரந்தத்தை வெவ்வேறு பெண் செடிகளில் தடவி, பிள்ளைகளை வளர்த்துப் பாருங்கள். குருத்தின் கனம் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வந்தால் அது தந்தையாக வைக்கத் தகுந்த செடி. குருத்து அனுப்பும்போது நுனி மூடியிருக்கையிலேயே வெட்டுங்கள், செதிலுக்கு அடியில் உள்ள மொட்டுதான் எங்களுக்கு வேண்டும்.