டிக்கெட் கையில, சீட் கேட்டுல

*குழு: சேலம் – ஏர்லைன் ரிட்டயர்டு குடும்பங்கள்*

சூரமங்கலம் அக்கா · காலை 7:12
வணக்கம்ங்க. இது நிஜமா? "ரிட்டயர்டு ஏர்லைன் ஊழியர் அனைவருக்கும் வருடம் 8 பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இலவசம். லிங்கில் ஆதார், பாஸ்போர்ட் நகல் பதிவேற்றவும். கடைசி நாள் இன்று." நேத்து ராத்திரி வந்துச்சு. வீட்டுக்காரர் தொடட்டுமான்னு கேக்கறார்.

அஸ்தம்பட்டி சார் · 7:19
தொட வேண்டாம்னு சொல்லுங்க. ரிட்டயர்டு டிக்கெட் விஷயத்துல ஆதார் கேக்கறதே இல்ல. ஸ்டாஃப் நம்பர், ரிட்டயர்மென்ட் லெட்டர், குடும்பத்தார் விவரம், இவ்வளவுதான் கேப்பாங்க. அதுவும் கம்பெனியோட சொந்த போர்ட்டல்ல, நம்ம பாஸ்வேர்டு போட்டு உள்ள போன பிறகு. "கடைசி நாள் இன்று"ன்னு எந்த சர்க்குலரும் வாட்ஸ்அப்ல வராது.

ஃபேர்லேண்ட்ஸ் மேடம் · 7:24
அந்த மெசேஜை டெலீட் பண்ணிடுங்க அக்கா. வேற குழுவுக்கும் தள்ளிடாதீங்க.

சூரமங்கலம் அக்கா · 7:31
சரிங்க மேடம். இன்னொண்ணு. பையன் லண்டன்ல இருக்கான், டிசம்பர்ல போய்ட்டு ஜனவரில வரலாம்னு இருக்கோம். இவர் ஏர் இந்தியா ரிட்டயர்டு. காமலாபுரத்துல, நம்ம சேலம் ஏர்போர்ட்லயே ஏறிக்கலாமா? பெட்டியத் தூக்கிட்டு பெங்களூரு வரைக்கும் போக முழங்கால் ஒத்துக்காது.

ஏற்காடு ஐயா · 7:40
அம்மா, முதல்ல எந்தக் கம்பெனி எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க. 2022 ஜனவரி 27 அன்னைக்கு டாடா கைக்குப் போனது ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும். கூடவே ஏஐசாட்ஸ்ங்கற ஏர்போர்ட் சேவைக் கம்பெனில பாதிப் பங்கு. அலையன்ஸ் ஏர் போகல, இன்னும் அரசாங்கத்துதுதான். இன்ஜினியரிங் கம்பெனி, கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனி ரெண்டும் அப்படியேதான். ஒரே குடும்பமா இருந்தது பிரிஞ்சு போச்சு. அதனால அலையன்ஸ் ஏர் விமானத்துல ஏர் இந்தியா பாஸ் தானா செல்லும்னு நினைக்கக் கூடாது. இண்டிகோவுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல. 2023 அக்டோபர்ல சேலத்துல, சின்ன ஊர்களுக்கு விமானம் விடற உடான் திட்டத்துல திரும்ப ஆரம்பிச்சது அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும்தான். இங்க ஏறணும்னா முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கறதா வச்சுக்குங்க.

குகை தம்பி · 7:46
காசு கொடுத்தே எடுத்தாலும் லண்டன் விமானத்தோட ஒரே நாள்ல கோக்காதீங்க அக்கா. ரெண்டும் தனித்தனி டிக்கெட். சேலத்து விமானம் மூடுபனியில லேட்டாச்சுன்னா அடுத்த கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது. டிசம்பர் காலைல சேர்வராயன் பக்கம் எப்படி இருக்கும்னு சொல்லணுமா.

சூரமங்கலம் அக்கா · 7:49
காலி சீட் இருந்தா ரிட்டயர்டு ஆளுக்குக் கொடுத்துடுவாங்கதானே? யாரும் உக்காராத சீட்டுதானே அது?

ஓமலூர் அண்ணன் · 8:05
இங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. சீட் காலியா இருக்கறது வேற, அந்த சீட்டுல ஆள் ஏத்த முடியறது வேற.

ஏடிஆர் 72-600ங்கற சின்ன விமானத்தை எடுத்துக்குங்க. அது மேல ஏறும்போது அதிகபட்சம் 23 டன். ஆனா அந்த 23 டன்னை எல்லா ஏர்போர்ட்லயும் எல்லா நேரமும் முழுசா எடுத்துட முடியாது. காமலாபுரம் ரன்வே சுமார் 1,800 மீட்டர்தான். மதியம் வெயில் ஏறினா காத்து லேசாயிடும், இறக்கைக்கும் இன்ஜினுக்கும் வேலை கூடும், தூக்கற எடை இறங்கும். அதோட போற இடத்துல வானிலை சரியில்லன்னா வேற ஏர்போர்ட்டுக்குத் திரும்பறதுக்கு எண்ணெய் அதிகமா ஏத்தணும். எண்ணெயும் எடைதான்.

ஒரு கணக்குக்குச் சொல்றேன். அன்னைக்கு 500 கிலோ குறைக்கணும்னு வச்சுக்குங்க. ஆளும் பெட்டியும் சேர்த்து ஒருத்தருக்கு 90 கிலோன்னா, அஞ்சு பேருக்கு மேல போச்சு. உள்ள ஆறு சீட் காலியாவே கிடக்கும், கவுண்டர்ல "இல்லைங்க"ன்னு சொல்லுவாங்க. அந்த ஆறு பேர்ல முதல்ல ஏறாம நிக்கறது ஸ்டாண்ட்பை ஆளுதான், அதாவது மிச்சம் சீட் இருந்தா மட்டும் ஏத்திக்கற நம்மளை மாதிரி ஆளு. கவுண்டர் பொண்ணோட சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, அந்தப் பொண்ணு கையில இருக்கறது லோடு ஷீட்ங்கற எடைக் கணக்குல வந்த எண்.

ஃபேர்லேண்ட்ஸ் மேடம் · 8:11
பெரிய விமானத்துலயும் இதே கதைதான். 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் வான்வெளியை மூடினதுல இருந்து டெல்லில கிளம்பற மேற்கு விமானம் சுத்திப் போக வேண்டியதாச்சு. தூரம் கூடினா எண்ணெய் கூடும், எண்ணெய் கூடினா ஆளும் சரக்கும் குறையும். அமெரிக்கா போறவங்களுக்குத்தான் அடி அதிகம். டெல்லி–வாஷிங்டனையே 2025 செப்டம்பர் 1ல நிறுத்திட்டாங்க. லண்டனுக்கு அவ்வளவு மோசமில்ல, ஆனாலும் லோடு, அதாவது விமானம் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பார்க்கும்போது இதையும் மனசுல வைங்க.

சூரமங்கலம் அக்கா · 8:15
அப்ப டிசம்பர் வேண்டாமா?

அஸ்தம்பட்டி சார் · 8:33
வேண்டாம்னு இல்ல. எந்தத் திசை எப்ப நிறையும்னு பார்க்கணும். எல்லாரும் "டிசம்பர் ஃபுல்"னு மொத்தமா சொல்லிடுவாங்க, அது பாதி சரி.

டிசம்பர் நடுவுல லண்டன்ல இருந்து இந்தியா வர்றதுதான் நிறையும், லீவுக்கு ஊருக்கு வர்ற ஜனம். அதே நாள்ல இங்கிருந்து லண்டன் போறது கொஞ்சம் லேசா இருக்கும். ஜனவரி முதல் வாரம் தலைகீழ். இங்கிருந்து போறது வழியும், அங்கிருந்து வர்றது இளகும். ஜனவரி, செப்டம்பர் ரெண்டும் அங்க காலேஜ் சேரற மாசம், மாணவங்க கூட்டமும் சேரும். மே, ஜூன்ல பேரனைப் பார்க்கப் போற தாத்தா பாட்டி கூட்டம்.

ஆக, டிசம்பர் 10லிருந்து 15க்குள்ள போங்க, ஜனவரி 4 தாண்டித் திரும்புங்க. செவ்வாய், புதன் பாருங்க. வெள்ளி, ஞாயிறு வேண்டாம். ஆனா முதல்ல சர்க்குலர்ல எம்பார்கோ தேதி இருக்கான்னு பாருங்க. எம்பார்கோ நாள்னா சீட் காலியா இருந்தாலும் நமக்கு டிக்கெட்டே எழுத மாட்டாங்க.

குகை தம்பி · 8:38
நான் இங்க ஏஜென்ட் சிஸ்டத்துல பார்த்துச் சொல்லட்டுமா சார்? இப்ப ஒரு நாளைக்கு எகானமில "ஒய் 9"னு காட்டுது.

அஸ்தம்பட்டி சார் · 8:44
தம்பி, 9னா ஒன்பது சீட்னு படிக்காத. சிஸ்டத்துல அதுக்கு மேல எண் காட்டாது, "ஒன்பது அல்லது அதுக்கும் மேல"ன்னு அர்த்தம். அதுவும் விக்கறதுக்கு வச்ச எண்ணிக்கை, காலி சீட் எண்ணிக்கை இல்ல. வராதவங்க கணக்குக்காகக் கூடுதலா வித்திருப்பாங்க. இன்னொரு பக்கம், குரூப்புக்குப் பிடிச்சு வச்ச இருபது சீட் கடைசி வாரத்துல கழண்டு விழும். அதனால பதினஞ்சு நாளைக்கு முந்தி பார்க்கறதுல உபயோகம் கம்மி. 72 மணி நேரம் முந்தி ஒரு தடவை, 24 மணி நேரம் முந்தி ஒரு தடவை பாருங்க. ஸ்டாஃப் போர்ட்டல்ல நம்மைப் போல எத்தனை பேர் அந்த விமானத்துக்குக் காத்திருப்பு லிஸ்ட்ல பேர் போட்டிருக்காங்கன்னு தெரியும், அதுதான் முக்கியம். 14 சீட் காலி, லிஸ்ட்ல 22 பேர்னா, 14ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டு என்ன.

வரிசை: கம்பெனி வேலையா போறவங்க முதல்ல. அப்புறம் இப்ப வேலைல இருக்கறவங்க. அப்புறம் நாம. அதுக்கும் பின்னால வேற ஏர்லைன்ல இருந்து ஜெட் கட்டணத்துல வர்றவங்க.

சூரமங்கலம் அக்கா · 8:50
ஜெட்னா?

அஸ்தம்பட்டி சார் · 8:58
ஏர்லைன்கள் ஒருத்தருக்கொருத்தர் ஊழியருக்குத் தர்ற தள்ளுபடி. தூரத்தை மண்டலமா பிரிச்சு, மண்டலத்துக்கு ஒரு கட்டணம். நம்ம விமானத்துல இடம் கிடைக்கலன்னா துபாய் வழியோ தோஹா வழியோ போகலாம்ல, அதுக்கு. ஆனா ஒப்பந்தம் கம்பெனிக்குக் கம்பெனி. "வேலைல இருக்கறவங்க" மட்டும்னு சிலது, "ரிட்டயர்டு, துணைவி"யும் சேர்த்து சிலது. போர்ட்டல்ல உங்க பேருக்கு எந்த ஏர்லைன் திறக்குதோ அதுதான் நிஜம், மத்ததெல்லாம் பேச்சு.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்றேன். டிக்கெட் எடுக்கறது ஒரு வேலை, லிஸ்ட் பண்றது இன்னொரு வேலை. டிக்கெட் கையில இருந்தும் அந்த விமானத்துல லிஸ்ட் பண்ணலன்னா கவுண்டர் திரையில உங்க பேரே வராது. ஏறாம விட்டா அடுத்த விமானத்துக்குத் தானா மாறும்னு நம்பி உக்காரக் கூடாது, நாமதான் திரும்ப லிஸ்ட் பண்ணணும். போனில் சார்ஜ் இருக்கட்டும்.

ஏற்காடு ஐயா · 9:06
பயன்படுத்தாத டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேக்கணும்ங்கறதையும் சொல்லிடுங்க. நெறைய பேர் சும்மா விட்டுடறாங்க.

அஸ்தம்பட்டி சார் · 9:09
ஆமாங்க ஐயா. டிக்கெட் எழுதின கம்பெனிகிட்டயே கேக்கணும். செல்லுபடி தேதி முடியறதுக்குள்ள.

சூரமங்கலம் அக்கா · 9:15
90 சதவீதம் தள்ளுபடின்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து சொற்பம்தானே ஆகும்?

ஃபேர்லேண்ட்ஸ் மேடம் · 9:27
தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். வரிக்குத் தள்ளுபடி கிடையாது. லண்டன்ல இருந்து கிளம்பும்போது அந்த அரசாங்கம் ஏபிடின்னு ஒரு வரி வாங்குது. இந்தியா தூரத்துக்கு எகானமில தலைக்கு 90 பவுண்டா இருந்தது, 2026 ஏப்ரல்ல இருந்து 102 பவுண்டு. ரெண்டு பேருக்கு 204. திரும்பி வர்ற டிக்கெட்ல டிக்கெட்டை விட வரி பெருசா நிக்கும். பெரிய கிளாஸ்ல இந்த வரி ரெண்டு மடங்குக்கு மேல. இங்க ஜிஎஸ்டியும் எகானமிக்கு 5, அதுக்கு மேல 2025 செப்டம்பர் 22லிருந்து 18 சதவீதம். "பிசினஸ் கிடைச்சா எழுதிக்கலாம்"னு சொல்றவங்க இதைப் போட்டுப் பார்த்துட்டுச் சொல்லட்டும்.

இடம் கிடைக்கலன்னா நஷ்ட ஈடு கேக்கவும் வழியில்ல. ஐரோப்பிய விதி 261லயே, பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்துல போறவங்களுக்கு இது பொருந்தாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. ஹோட்டல் நம்ம செலவு. அதுக்கு ஒரு ராத்திரிப் பணம் தனியா எடுத்து வைங்க.

சூரமங்கலம் அக்கா · 9:33
எந்த வழில போறது? பெங்களூரா, டெல்லியா?

குகை தம்பி · 9:41
பெங்களூர்ல இருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரா இருக்கு. ஆனா டெல்லில இருந்து விமானம் அதிகம், ஒண்ணு போனா இன்னொண்ணு. டெல்லி வழின்னா உள்நாட்டுப் பயணத்துக்குக் காசு கொடுத்து உறுதி டிக்கெட் எடுத்துடுங்க. ரெண்டு ஸ்டாண்ட்பையை அடுக்கக் கூடாது.

பெங்களூர்னா வந்தே பாரத் சேலத்துல நிக்குது, பெங்களூரு கண்டோன்மென்ட்ல இறங்கி கார். முழங்காலுக்கு அதுதான் நல்லது. கார்லயே போறதுன்னா தொப்பூர் கணவாய்ல ஒரு லாரி சாஞ்சா போதும், ரெண்டு மணி நேரம் போயிடும். ஓசூர் வரைக்கும் சீரா போறது எலக்ட்ரானிக் சிட்டி தாண்டினதும் நகராது. ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம், வடக்கால இருக்கு. நான் ஆறு மணி நேரம் வச்சுதான் வண்டி அனுப்புவேன்.

ஃபேர்லேண்ட்ஸ் மேடம் · 9:52
கவுண்டர்ல சீக்கிரமே போய் நிக்கணும், ஆனா கவுண்டர் மூடின பிறகுதான் பேர் கூப்பிடுவாங்க. அந்தக் கடைசி இருபது நிமிஷம் அங்கயே இருக்கணும், காப்பி குடிக்கப் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு பெட்டி மட்டும். ரெண்டு மூணு பெட்டி வச்சா எடை குறைக்கற நாள்ல அதுவே காரணமாயிடும். மாத்திரை எல்லாம் கைப்பையில. ஆள் போய்ப் பெட்டி போகாம ஆகலாம். பவர் பேங்க் பெட்டிக்குள்ள கூடாது, கையில. நெய், பால்கோவா எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க பால் பொருளை விட மாட்டாங்க. ஏற்காடு காப்பித்தூள், மிளகு தாராளமா கொண்டு போங்க.

ஏற்காடு ஐயா · 9:58
பேர் விஷயம்? அதைச் சொல்லலையே.

அஸ்தம்பட்டி சார் · 10:10
அதைத்தான் எழுதிட்டிருந்தேன். நம்ம ஊர்க்காரங்க முக்கால்வாசி பேர் மாட்டறது இதுலதான். கம்பெனி ரெக்கார்டுல "கே" ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிச்சு சர்நேம்ல. இல்லன்னா பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலி. டிக்கெட் கம்பெனி ரெக்கார்டுல இருந்து தானா எழுதப்படும், விசா பாஸ்போர்ட்ல இருந்து. ரெண்டும் ஒத்துப் போகலன்னா கவுண்டர்ல நிறுத்துவாங்க, அங்க திருத்த முடியாது. முன்னாடியே எச்ஆருக்கு பாஸ்போர்ட் முதல் பக்கம் அனுப்பி, ரெக்கார்டுல பேர் பாஸ்போர்ட் மாதிரியே மாத்திக்கணும். மனைவி பேரும் அதே மாதிரி. பிறந்த தேதியும் பாருங்க.

லெட்டர்ல "நேஷனல் ஏவியேஷன் கம்பெனி"ன்னு இருந்தா பயப்படாதீங்க. 2007ல இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைஞ்சப்ப வச்ச பேர், 2010ல ஏர் இந்தியா லிமிடெட்னு மாறிச்சு. ஒரே கம்பெனிதான்.

சூரமங்கலம் அக்கா · 10:24
பாஸ்போர்ட் எடுத்துப் பார்த்தேன்ங்க. இவருதுல சர்நேம் காலி. என்னோடதுல இவர் பேர் சர்நேமா இருக்கு. கம்பெனி அட்டையில ரெண்டு பேருக்கும் இனிஷியல்தான்.

அஸ்தம்பட்டி சார் · 10:29
அப்ப முதல் வேலை அதுதான். இன்னைக்கே மெயில் அனுப்புங்க, ரெண்டு பேர் பாஸ்போர்ட் முதல் பக்கமும் சேர்த்து. பதில் வந்து ரெக்கார்டுல மாறின பிறகுதான் டிக்கெட். எடுத்துட்டுத் திருத்தலாம்னு நினைக்காதீங்க.

சூரமங்கலம் அக்கா · 10:31
சரிங்க சார். டிக்கெட் எடுத்ததும் நம்பரை இங்க போடறேன், லோடு பார்த்துச் சொல்லுங்க.

ஃபேர்லேண்ட்ஸ் மேடம் · 10:33
குழுவுல போட வேண்டாம் அக்கா. பிஎன்ஆரும் பேரும் தெரிஞ்சா யார் வேணும்னாலும் உள்ள போய் மாத்திடலாம். சாருக்கு மட்டும் தனியா அனுப்புங்க.