ஆறிய பாதப்புண் ஏன் திரும்ப வருகிறது? டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆய்வுகளைப் பற்றி ஒரு கேள்வி

வேம்படி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 67. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு வலது பாதத்தில், பெருவிரலின் அடிமேட்டில், ஒரு ரூபாய் நாணய அளவில் புண் வந்தது. ஐந்து மாதம் கட்டுப் போட்டுப் போட்டு ஆறியது. கோயிலுக்கு நேர்ந்துகொண்டதையும் செலுத்திவிட்டோம். ஆனால் எட்டாவது மாதம் அதே இடத்தில் தோல் காய்த்துப் போய், அதனடியில் இரத்தம் கட்டி, மறுபடியும் திறந்துகொண்டது. தந்தைக்கு வலி துளியும் இல்லை. தரையில் ஈரத் தடம் விழுந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

எங்கள் மருத்துவர் பேச்சினூடே, அமெரிக்காவில் டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பாத அறுவை மருத்துவர் இந்தக் கேள்விக்காகவே தம் பணிக்காலத்தைச் செலவிட்டிருக்கிறார் என்றார். அவர் யார், என்ன கண்டறிந்தார், புண் திரும்ப வருவதற்கு அவர் சொல்லும் காரணம் என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். சிகிச்சையை எங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வார். எனக்கு வேண்டியது விளக்கம்தான்.

நெடுஞ்சாலை:

அம்மா, முதலில் அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பாத மருத்துவம் தனிப் பட்டப்படிப்பு. நான்கு ஆண்டு படித்து, அதன்பின் மருத்துவமனையில் மூன்று ஆண்டு பயிற்சி பெற்றவர்கள் பாதத்திலும் கணுக்காலிலும் அறுவை செய்கிறார்கள். நம் ஊரில் இந்த வேலையைப் பொது அறுவை மருத்துவரும் எலும்பு மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் பங்கிட்டுக்கொள்வதால், ஒருவர் வாழ்நாள் முழுதும் பாதத்தை மட்டுமே பார்ப்பது நமக்குப் புதிதாகத் தோன்றும். ஆர்ம்ஸ்ட்ராங் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பயிற்சி பெற்றவர். முனைவர் பட்டம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். பின்னர் சிகாகோவிலும் அரிசோனா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 2017 முதல் லாஸ் ஏஞ்சல்ஸில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

1996ஆம் ஆண்டு லாவரி, ஹார்க்லெஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட டெக்சாஸ் புண் வகைப்பாடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதற்கு முன் பெரும்பாலும் புண்ணின் ஆழத்தை அளந்தார்கள். இவர்களோ ஆழத்தோடு, கிருமித் தொற்று உண்டா, இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்ற இரண்டையும் ஒவ்வொரு படிநிலையிலும் சேர்த்துக் குறிக்கச் செய்தார்கள். ஆழமில்லாத புண்ணானாலும் இவ்விரண்டும் சேர்ந்துவிட்டால் காலுக்கே ஆபத்து என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது, என் கணிப்பில், 2001 முதல் 2005 வரை அவர் குழு அடுத்தடுத்துச் செய்த மூன்று ஆய்வுகள். முதலாவதில் 63 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கால் முழுவதும் ஒட்டி அமையும் மாவுக்கட்டும், இன்னொரு பிரிவுக்குக் கழற்றி மாட்டக்கூடிய உயரமான நடைக்காலணியும், மூன்றாம் பிரிவுக்கு முன்பாதத்தில் எடை விழாதபடி அமைந்த பாதிச் செருப்பும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் மாவுக்கட்டுப் பிரிவில் 89.5 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. நடைக்காலணியில் 65, பாதிச் செருப்பில் 58.3 மட்டுமே. இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. ஆய்வுக்கூடத்தில் அளந்தால் அந்த நடைக்காலணியும் மாவுக்கட்டைப் போலவே அழுத்தத்தைக் குறைத்தது. அப்படியானால் பலன் ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும்?

அதற்கு விடை காண, 2003இல் 20 நோயாளிகளின் இடுப்பில் ஓர் அசைவுமானியைக் கட்டி, இன்னொன்றைக் காலணிக்குள் மறைத்து வைத்தார்கள். இரண்டின் கணக்கையும் ஒப்பிட்டபோது, நாள் முழுவதும் அவர்கள் நடந்த நடையில் 28 விழுக்காடு மட்டுமே அந்தக் காலணியோடு நடந்தது என்று தெரியவந்தது. மீதி நடையெல்லாம் திறந்த புண்ணின் மேல்தான். அடுத்து 2005இல் அதே காலணியை நோயாளியே அவிழ்க்க முடியாதபடி கட்டுத்துணியால் சுற்றிவிட்டார்கள். செய்த மாற்றம் அது ஒன்றுதான். ஆறியவர்கள் 51.9 விழுக்காட்டிலிருந்து 82.6 விழுக்காடாக உயர்ந்தார்கள். புதிய மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. நோயாளியைக் கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. வலி என்ற காவலாளி போய்விட்ட காலுக்கு, காலணியைக் கழற்றாதே என்று உள்ளிருந்து சொல்ல யாருமில்லை; அந்த நிலையில் உங்கள் தந்தையும் நானும் நீங்களும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வோம்.

கட்டுப்போடுபவர்:

தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் நெடுநாள் மாவுக்கட்டு அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சேர்க்க விரும்புகிறேன். மேலே சொன்ன மாவுக்கட்டு அமெரிக்காவில் பிறந்ததல்ல. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு அவர்களை நடமாட விட்டவர். அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர், கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட். சதை தானாக அழுகுவதால் புண் வருவதில்லை, வலி தெரியாத பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடை விழுவதால்தான் வருகிறது என்பதை அவர் உறுதியாக நிறுவினார். 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அறிவும் உடன் போய், அங்கே நீரிழிவுப் பாதத்துக்குப் பயன்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் போன்றவர்கள் அதை எண்களால் சோதித்து, ஏன் பலிக்கிறது என்று காட்டினார்கள். வேலூரில் தொடங்கிய ஒரு வேலையின் தொடர்ச்சியாகவே அவருடைய பணியை நான் பார்க்கிறேன், அதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

இந்தக் கட்டில் பஞ்சை அள்ளி வைக்கக் கூடாது. கணுக்கால் எலும்பின் மேலும் முன்காலெலும்பின் மேலும் மட்டும் மெல்லிய மெத்தை வைத்து, மற்ற இடமெல்லாம் தோலோடு தோலாக மாவு படியும்படி உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் அந்தப் பள்ளமே உள்ளே புதுப் புண்ணை உண்டாக்கிவிடும். முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்ற வேண்டும், ஏனென்றால் வீக்கம் வடிந்ததும் கால் உள்ளே ஆட ஆரம்பிக்கும். அதன்பின் வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். முதன்முறை பிரிக்கும்போது புண்ணைச் சுற்றியிருந்த காய்ப்பு வெளுத்து மென்மையாகியிருப்பதைப் பார்த்த எவரும் பிறகு களிம்பின் பெயரைக் கேட்கமாட்டார்கள்.

நெடுஞ்சாலை:

ஐயா சொன்னது மிகவும் சரி. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். இரத்த ஓட்டம் குன்றிய காலுக்கும், தொற்று அடங்காத காலுக்கும் இந்த மாவுக்கட்டு ஆகாது. அதனால்தான் ஆர்ம்ஸ்ட்ராங் தம் பணியின் பிற்பகுதியில் தனித்து இயங்காமல், அரிசோனாவில் இரத்தநாள அறுவை மருத்துவர் ஜோசப் மில்ஸுடன் சேர்ந்து, பாத மருத்துவரும் இரத்தநாள மருத்துவரும் ஒன்றாகவே நோயாளியைப் பார்க்கும் குழுவை அமைத்தார். புண், இரத்த ஓட்டக் குறைவு, தொற்று ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் காலை இழக்கும் அபாயத்தைக் கணிக்கும் முறை 2014இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் இவ்விருவரும் உண்டு. உங்கள் தந்தைக்குக் கால் நாடியைப் பார்த்தார்களா என்பதைத் தயவுசெய்து கேளுங்கள்.

மழைத்துளி:

திரும்ப வருவதைப் பற்றி நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். 2017இல் ஆர்ம்ஸ்ட்ராங், பவுல்டன், பஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையின்படி, ஆறிய பாதப்புண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கும், மூன்றாண்டுக்குள் 60 விழுக்காட்டினருக்கும், ஐந்தாண்டுக்குள் 65 விழுக்காட்டினருக்கும் திரும்ப வருகிறது. எனவேதான் 'ஆறிவிட்டது' என்று சொல்லாமல், புற்றுநோயில் சொல்வதைப் போல் 'தணிந்திருக்கிறது' என்று சொல்ல வேண்டும் என்கிறார் அவர். தோல் மூடிக்கொண்டாலும் உணர்விழப்பும் எலும்பின் கோணலும் எடை விழும் இடமும் அப்படியேதான் இருக்கின்றன. தணிந்த நோயைக் கண்காணிப்பார்கள், ஆறிய நோயை மறந்துவிடுவார்கள். இந்த ஒரு சொல் மாற்றத்தை நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன்.

கண்காணிப்புக்கு அவர் குழு 2007இல் சோதித்த வழி எளியது. புண் திறப்பதற்கு முன் அந்த இடம் சூடாகும். இரண்டு பாதத்திலும் ஒத்த இடங்களில் தினமும் வெப்பத்தை அளந்து, ஒன்று மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடினால், அது தணியும்வரை நடையைக் குறைக்கச் சொன்னார்கள். 225 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்ததில், வெப்பம் அளந்தவர்களில் 4.7 விழுக்காட்டினருக்குப் புண் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 விழுக்காட்டினருக்கு வந்தது. தோலின் வெப்பத்தைக் காட்டும் கருவி உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேம்படி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றைப் படித்ததும் எழுந்து போய்த் தந்தையின் காலணிகளை எடுத்துப் பார்த்தேன். பாதத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த காலணியின் அடிப்பக்கம் எட்டு மாதத்துக்குப் பின்னும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கிறது. குளியலறை வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பில், பெருவிரலின் அடிமேடு படும் இடம் கட்டைவிரல் பதியும் அளவுக்குக் குழிந்திருக்கிறது. விழாவுக்கும் வெளியூருக்கும் மட்டுமே அவர் அந்தக் காலணியைப் போட்டிருக்கிறார். வீட்டுக்குள் நடப்பதை அவரோ நாங்களோ நடையாகவே எண்ணவில்லை. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டையும் பையில் எடுத்துப் போகிறேன். நாடியைப் பற்றியும் கேட்கிறேன்.