வானொலியில் ‘லா போஎம்’: மேடையைப் பார்க்காமல் எப்படிப் பின்தொடர்வது?

உப்புவெளி வாசுகி
நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபரா அரங்கின் சனிக்கிழமை ஒலிபரப்பை இணையத்தில் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். அடுத்தது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘லா போஎம்’ என்ற ஒபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம். தேவாலயத்தில் பாடுவதால் மெட்டுப் பிடிபடுகிறது. இத்தாலிய மொழி தெரியாது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று புரியாமல் கேட்க மனம் ஒப்பவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? அங்கே மதியம் 1 மணி என்றால் திருகோணமலையில் எத்தனை மணி?

நிலாவெளி வீதி
தங்கச்சி, குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 10.30.

கதைச் சுருக்கத்தை வாசித்துவிட்டு முதல் அங்கத்தில் காதை வையுங்கள். பாரிஸில் ஒரு மாடியறை, நத்தாருக்கு முந்திய இரவு. அயலில் குடியிருக்கும் மிமி என்ற பெண்ணின் மெழுகுதிரி அணைகிறது, சாவி தொலைகிறது. இருட்டில் தேடும்போது அந்த அறையில் வசிக்கும் கவிஞன் ரொடொல்போவின் கை அவள் கையில் படுகிறது. அந்தக் குளிர்ந்த கையைப் பற்றி அவன் பாடும் மெட்டையும், அவள் தன் பெயரைச் சொல்லும் மெட்டையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நான்காம் அங்கத்தில் அவள் சாகக் கிடக்கும்போது இரண்டும் மெலிந்து திரும்பிவரும்.

மூன்றாம் அங்கத் தொடக்கத்தில் புல்லாங்குழலும் ஹார்ப்பும் துளித்துளியாக இறங்கும். அதுதான் பனி. பனியே பார்க்காத ஊர்க்காரன் நான். அந்த இடம் வந்தால் போர்வையைத் தேடுகிறேன்.

பெரியகடை ரசிகன்
அண்ணா சொன்னதோடு முடிவையும் கவனியுங்கள். மிமி உரத்துப் பாடிக்கொண்டே சாவதில்லை. நண்பர்கள் அறிந்துவிடுகிறார்கள், ரொடொல்போவுக்குத் தெரியாது. அவன் பாடுவதை விட்டுப் பேசுகிறான். திடீரென்று பித்தளை வாத்தியங்கள் முழங்க, அவள் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். அரங்கில் இருப்பவர்கள் அவள் முகத்தை முன்பே பார்த்துவிடுவார்கள். வானொலியில் கேட்கும் நமக்கோ அவனோடு சேர்ந்துதான் தெரியவரும். அந்த அடி நேரே நெஞ்சில் விழுகிறது.

சனிக்கிழமைக்கு முன், இசைக்குழு நடத்துநர் டொஸ்கனினி 1946இல் அமெரிக்க வானொலிக்காக நடத்திய பதிவைக் கேளுங்கள். 1896இல் தூரின் நகரில் இதே ஒபராவை முதன்முதலாக நடத்தியவரும் அவரே. உணர்ச்சி மேலிடும்போது அவர் கூடவே முனகுவது பதிவில் கேட்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

உப்புவெளி வாசுகி
இருவருக்கும் நன்றி. இரண்டாம் அங்கத்தில் ஒரே சந்தடி. அதில் இன்னொரு பெண் பாத்திரமான முசெட்டாவை எப்படி இனங்காண்பது?

நிலாவெளி வீதி
சிறுவர்கள், வியாபாரிகள் எல்லாரும் கத்தி ஓய்ந்தபின், மூன்று தட்டுள்ள வால்ட்ஸ் நடனத் தாளத்தில் நிதானமாக எழும் பெண்குரல் அவளுடையது. சற்றுப் பின்னால் அவளுடைய பழைய காதலன் மார்செல்லோ அதே மெட்டை முழுக்குரலில் எடுப்பான்.